கனடா போகும் பிள்ளைக்கு ஒரு புதுக்கணக்கு

நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய வீட்டில் இப்போது ஒரு பிள்ளையாவது கடல் கடந்து இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு மகன் படிப்பை முடித்ததும் கல்லாவில் வந்து உட்கார்ந்தான். இன்று அதே வீட்டுப் பிள்ளை டொரொண்டோவுக்கோ வான்கூவருக்கோ விமானம் ஏறுகிறான். மேல்படிப்புக்கென்று போகிறவர்கள் ஒரு பக்கம். நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோடு மனைவி மக்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு பக்கம். வழியனுப்பும்போது பருப்புப் பொடி, ஊறுகாய், கம்பளிச் சட்டை என்று பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுக்கிறோம். பணக் கணக்கை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிடுகிறோம். பத்து மூட்டை சரக்கு அனுப்பினாலே பில், லாரி ரசீது, இன்சூரன்ஸ் என்று தாள் சேர்க்கிற நாம், பிள்ளையை அனுப்பும்போது இப்படி இருப்பது விந்தைதான்.

இந்தக் கட்டுரையில் கனடாவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேறு. அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ மகனை அனுப்பியவர்கள் இதில் வரும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாணயம் அங்கே ஏட்டில் இருக்கிறது

கடைவீதியில் நமக்குக் கடன் எப்படிக் கிடைக்கிறது? கமிஷன் மண்டிக்காரர் முப்பது நாள் தவணையில் ஐம்பது மூட்டை இறக்குகிறார் என்றால், அவர் நம் ஐந்தொகையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு இறக்குவதில்லை. அப்பா காலத்திலிருந்து சொன்ன தேதியில் பணம் வந்து சேர்ந்திருக்கிறது; அந்த நினைவுதான் அவருக்கு ஜாமீன். இதைத்தான் நாணயம் என்கிறோம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போன செட்டிநாட்டு வணிகர்கள்கூடத் தங்கள் நாணயத்தைக் கையோடு கொண்டு போனார்கள். ரங்கூனில் இறங்கிய ஏஜெண்டு புதியவராக இருக்கலாம். அவர் முதலாளியின் விலாசம் புதியதல்ல. அந்த விலாசத்தில் எழுதிய உண்டியல் தாளுக்கு அக்கரையில் பணம் கிடைத்தது.

இன்று டொரொண்டோவில் இறங்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அவன் அப்பா யார், கடை எத்தனை ஆண்டுக் கடை என்பது அங்கு யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் பயனில்லை. கனடாவில் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று இரண்டு நிறுவனங்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் ஏடு வைத்திருக்கின்றன. எந்த வங்கியில் எவ்வளவு கடன், தவணை தேதியில் கட்டினாரா, எத்தனை நாள் தாமதம் என்பது மாதாமாதம் அதில் ஏறுகிறது. அதைக் கணக்கிட்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் கொடுக்கிறார்கள். வீட்டுக்காரர், கார் கடன் கொடுப்பவர், செல்போன் கம்பெனி எல்லோரும் பார்ப்பது அதைத்தான். இங்கும் 2000-ல் தொடங்கப்பட்ட சிபில் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் சிபிலில் 800 வாங்கியவரும் அங்கே வெற்று ஏட்டோடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இங்குள்ள மதிப்பெண் தானாக அங்கு போய்ச் சேராது.

வசதியான வீட்டுப் பிள்ளைகளே சங்கடப்படுவது இங்கேதான். கையில் பணம் இருக்கிறது, ஆனால் வீடு வாடகைக்குத் தரத் தயங்குகிறார்கள். கார் கடன் கேட்டால் வட்டியை ஏற்றிச் சொல்கிறார்கள். நாம் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுப்பது "கடன் வாங்காதே" என்பது. நல்ல பாடம்தான். ஆனால் கடனே வாங்காதவனைப் பற்றி அந்த ஏடு நல்லதும் சொல்லாது, கெட்டதும் சொல்லாது; வாய் மூடி இருக்கும். வங்கிக் கணக்கில் எவ்வளவு இருப்பு என்பது அதில் ஏறுவதில்லை. டெபிட் கார்டில் வாங்கிய சாமானும் ஏறுவதில்லை. வாடகையை நாள் தவறாமல் கொடுத்தாலும், வீட்டுக்காரர் அதற்கென்று உள்ள சேவையில் சேர்ந்து தகவல் அனுப்பினால் ஒழிய, பொதுவாக ஏறுவதில்லை. கடன் வாங்கித் திருப்பிக் கட்டியது மட்டும்தான் பேச்சு.

உறுப்பினர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "பையன் கையில் பதினைந்து லட்சம் கொண்டு போயிருக்கிறான். 500 டாலர் கார்டு வேண்டுமானால் 500 டாலரை முதலில் டெபாசிட் கட்டு என்கிறார்களாம். என் பணத்தை எனக்கே கடன் கொடுப்பது என்ன வியாபாரம்?" நியாயமான கேள்வி. ஆனால் அந்த 500 டாலர் முடங்குவது கார்டுக்காக அல்ல, ஏட்டில் முதல் வரி எழுதுவதற்காக. புதிதாக வந்தவர்களுக்கு டெபாசிட் இல்லாமலே சிறு வரம்புடன் கார்டு கொடுக்கும் வங்கிகளும் உண்டு. முதலில் அதைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் டெபாசிட் கட்டி வாங்குவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. முன்கூட்டியே பணம் நிரப்பிக்கொள்ளும் ப்ரீபெய்டு கார்டு மட்டும் வேண்டாம். அது ஏட்டில் ஏறாது.

கார்டு வந்த பிறகு செய்ய வேண்டியது எளிது. மாதம் ஒரு முறை மளிகைச் சாமான், பஸ் பாஸ் என்று வழக்கமான செலவை அதில் போடுவது. பில் வந்ததும் கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுவது. பில் போட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் அவகாசம் தரவேண்டும் என்பது அங்கு சட்டம். அதற்குள் முழுவதும் கட்டினால் வாங்கிய சாமானுக்கு ஒரு காசு வட்டி கிடையாது. இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. 1,000 டாலர் வரம்புள்ள கார்டில் 900 டாலர் செலவு செய்துவிட்டு, பில் வந்தபின் முழுவதும் கட்டினாலும், பில் போட்ட அன்று 900 நிலுவை என்றுதான் பெரும்பாலும் ஏட்டில் ஏறுகிறது. "வரம்பு முழுவதையும் உபயோகிக்கிறான், கை இறுக்கம்போலும்" என்று கணக்கு அவனைப் பார்க்கிறது. வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. அதிகம் செலவாகிவிட்டால் பில் போடும் முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். மண்டியில் வரம்புக்கு மேல் சரக்கு எடுக்கிறவரைப் பற்றி நாமும் இப்படித்தானே பேசிக்கொள்கிறோம்.

ஒரே மாதத்தில் நான்கு வங்கிகளில் விண்ணப்பம் போடுவது ஆகாது. ஒவ்வொரு விசாரணையும் ஏட்டில் பதிவாகி மதிப்பெண்ணைக் கொஞ்சம் இறக்கும். முதலில் வாங்கிய கார்டை, வேறு நல்ல கார்டு வந்தது என்று மூடிவிடுவதும் சரியல்ல. பழைய கணக்கு இருந்தால்தான் ஏட்டுக்கு வயது இருக்கும். தவணை தவறினால் அந்த வரி ஆறு ஆண்டுகள் வரை நிற்கும். இரண்டு நிறுவனங்களும் தங்கள் ஏட்டின் நகலை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை. ஆண்டுக்கு ஒரு தடவையாவது வாங்கிப் பார்க்க வேண்டும். நம் பெயர்களில் முன்னெழுத்து, தகப்பனார் பெயர் எல்லாம் இடம் மாறி, ஒருவருடைய வரி இன்னொருவர் ஏட்டில் ஏற வாய்ப்பு உண்டு. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை வங்கி, வேலை, வரி எல்லா இடத்திலும் ஓர் எழுத்து மாறாமல் எழுதச் சொல்லுங்கள்.

வட்டியை மாதக் கணக்கில் போட்டுப் பாருங்கள்

அங்கு வட்டியை ஆண்டுக் கணக்கில் சொல்வார்கள். கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 20, 21 சதவீதம் என்பது சாதாரணம். நம் கடைவீதிக் கணக்கில் அது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் வட்டி. பில்லில் "குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 10 டாலர்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை மட்டும் கட்டினால் தவணை தவறவில்லை என்ற பெயர் கிடைக்கும். மீதிக்கு ஒன்றேமுக்கால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 1,000 டாலர் பாக்கிக்கு 10 டாலர் கட்டினால் அந்த மாத வட்டிக்கே அது போதாது. அதே கார்டைப் போட்டு இயந்திரத்தில் ரொக்கம் எடுத்தால் 21 நாள் அவகாசமும் இல்லை. எடுத்த அன்றே வட்டி தொடங்கிவிடும்.

இதைவிட மோசமான கடையும் அங்கு உண்டு. சம்பள நாள் வரை இரண்டு வாரத்துக்குக் கைமாற்றுத் தரும் கடைகள் பெரிய எழுத்துப் பலகையோடு இருக்கின்றன. 2025 ஜனவரி 1 முதல் 100 டாலருக்கு 14 டாலருக்கு மேல் கட்டணம் வாங்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு நூற்றுக்குப் பதினான்கு. ஆண்டுக்கு 364 சதவீதம்! மற்ற கடன்களுக்கு ஆண்டுக்கு 35 சதவீதத்துக்கு மேல் போனால் குற்றம் என்று அதே நாளிலிருந்து சட்டம் இறுக்கப்பட்டது. இந்தக் கைமாற்றுக்குத் தனி விலக்கு உண்டு. கந்து வட்டியை ஒழிக்க 2003-ல் சட்டம் போட்ட மாநிலத்திலிருந்து போகும் பிள்ளை, கண்ணாடிக் கதவும் கணிப்பொறியும் வைத்து நடக்கும் தண்டல் கடையை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். அவசரம் என்றால் அப்பாவுக்கு ஒரு போன் போடட்டும். கௌரவம் பார்த்து அந்தக் கதவைத் திறக்க வேண்டாம்.

ஜாமீன் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே வீட்டில் ஐந்து பேர் தங்கும்போது, "உன் பெயரில் ஒரு போன் எடுத்துக் கொடு, மாதாமாதம் நான் தந்துவிடுகிறேன்" என்று நண்பன் கேட்பான். கார் கடனுக்குக் கூடக் கையெழுத்துப் போடச் சொல்வான். கேட்கிறவன் நல்லவனாகவே இருக்கட்டும். அவன் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனால் பாக்கி நம் பிள்ளையின் ஏட்டில் ஏறும். சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துப் போட்டதற்கு முழுக் கடனையும் கேட்பார்கள். இங்கே ஜாமீன் போட்டுக் கைசுட்டவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறோம். அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து பெருமளவில் போய்க் குடியேறிய தமிழர்களால் டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழ்க் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நல்லெண்ணெயும் கிடைக்கும், சீட்டும் கிடைக்கும். வங்கி கதவைத் திறக்காத காலத்தில் சீட்டு எடுத்துக் கடை வைத்தவர்கள், வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள் பலர். சீட்டே கூடாது என்று வணிகர்களாகிய நாம் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இங்கே 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்டு சட்டமும் பதிவாளர் அலுவலகமும் இருக்கின்றன. அங்கே நடப்பது முகத்தைப் பார்த்து நடக்கும் சீட்டு; போன வாரம் வந்திறங்கியவனுக்கு யார் முகமும் தெரியாது. இருபது மாதம் ஒழுங்காகக் கட்டினாலும் அது ஏட்டில் ஒரு வரி ஏறாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு போகட்டும், ஆளை அறிந்தபின் சேரட்டும்.

இறங்கிய வாரம்

முதல் வேலை, சமூகக் காப்பு எண் வாங்குவது. அங்கே "சின்" நம்பர் என்பார்கள். ஒன்பது இலக்கம், கட்டணம் கிடையாது. மாணவர் போன்ற தற்காலிக அனுமதிக்காரர்களின் எண் 9-ல் தொடங்கும்; அனுமதி முடியும் தேதியில் அதுவும் முடியும், புதுப்பிக்க வேண்டும். இந்த எண்ணை வேலை கொடுப்பவரும், வட்டி தரும் கணக்குக்காக வங்கியும், வரித் துறையும் கேட்கலாம். வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "வரி பாக்கி இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் கைது" என்று போனில் மிரட்டி எண்ணைக் கேட்பவனும், பரிசுக் கார்டு வாங்கி அதன் நம்பரைச் சொல்லச் சொல்பவனும் மோசடிக்காரர்கள். எந்த நாட்டு வரித் துறையும் பரிசுக் கார்டில் வரி வாங்குவதில்லை.

வங்கிக் கணக்கு தொடங்க வேலை இருக்க வேண்டும் என்பதில்லை, போடப் பணம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உரிய அடையாளச் சான்று இருந்தால் கணக்குத் தரவேண்டும் என்பது அங்கு சட்டம். புதியவர்களுக்கென்று வங்கிகள் கொடுக்கும் சலுகையில் சில மாதமோ ஓராண்டோ மாதக் கட்டணம் இருக்காது. அது முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். இல்லையென்றால் சத்தமில்லாமல் மாதாமாதம் பிடிப்பார்கள்.

மாணவர்களுக்கு ஜி.ஐ.சி. என்ற ஏற்பாடு பலருக்குத் தெரிந்ததே. செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்குச் சான்றாக அங்குள்ள வங்கியில் முன்கூட்டியே ஒரு தொகையைப் போட்டுவைப்பது. இறங்கியதும் ஒரு பகுதி, மீதி மாதத் தவணையாகப் பிள்ளைக்கே திரும்பி வரும். தனி மாணவர் காட்ட வேண்டிய செலவுத் தொகை 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 ஆகவும், 2025 செப்டம்பரில் 22,895 ஆகவும் உயர்ந்தது. கல்லூரிக் கட்டணமும் விமானச் செலவும் இதில் சேராது. மாதத் தவணை என்பதில் ஒரு நன்மை உண்டு. பையன் மொத்தத்தையும் முதல் குளிர்காலத்திலேயே கரைக்க முடியாது.

வாடகை வீட்டுக்கு வருவோம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நாம், அங்கே ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டால் தலையாட்டிவிடுவோம். டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2006-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வீட்டுக்காரர் கேட்கக்கூடிய டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. அதுவும் காலி செய்யும் கடைசி மாதத்துக்குக் கழித்துக்கொள்ள வேண்டும். வீட்டைப் பார்க்காமல், இங்கிருந்தபடியே படம் பார்த்துப் பணம் அனுப்புவது வேண்டவே வேண்டாம். இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பணம் போகும் வழி

கையில் கொண்டு போகும் வெளிநாட்டு நோட்டு, ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் வரை என்பது ரிசர்வ் வங்கியின் பொது வரம்பு. மீதி கார்டிலோ வங்கி வழியிலோ போக வேண்டும். இங்கிருந்து பெற்றோர் அனுப்புவது, ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் என்ற வரம்புக்குள் வரவேண்டும். கனடாவில் இறங்கும்போது 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாகவோ காசோலை, டிராப்டாகவோ இருந்தால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் வரி ஒன்றும் கிடையாது, மறைத்தால் பறிமுதல்.

நகை விஷயத்தில் நம் வீட்டுப் பெண்கள் கவனம் வைக்க வேண்டும். குடியேறும் அன்று கொண்டு வரும் பொருள்கள், பின்னால் வரப்போகும் பொருள்கள் என்று இரண்டு பட்டியல் கொடுக்கலாம். தாலிக்கொடி முதல் வளையல் வரை ஒவ்வொன்றுக்கும் படம், எடை, மதிப்பு எழுதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால், இரண்டு ஆண்டு கழித்துப் பாட்டி வீட்டிலிருந்து அந்த நகையைக் கொண்டு போகும்போது தொந்தரவு இல்லை. பட்டியலில் இல்லாத நகை புதுச் சரக்காகத் தெரியும்.

உண்டியல் வழியாக அனுப்பினால் இரண்டு ரூபாய் லாபம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்து உண்டியல் தாளுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை இல்லை. அது அன்னியச் செலாவணிச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளை பையன் வீடு வாங்கும்போது, முன்பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கும். அப்பா வங்கி மூலம் அனுப்பிய அன்பளிப்பு, இதோ கடிதம் என்று காட்டினால் வேலை முடிந்தது. கனடாவில் அந்த அன்பளிப்புக்கு வரியும் இல்லை. தடம் இல்லாத பணத்துக்கு என்ன காட்டுவான்?

இங்குள்ள சொத்தும் அங்குள்ள வரியும்

வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே உள்ள சிக்கல் இனிமேல்தான் வருகிறது. சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை போகும்போது இங்கு ஒரு சேமிப்புக் கணக்கை விட்டுப் போவான். நம் பிள்ளையோ கடையில் பங்கு, தன் பெயரில் ஒரு மனை, வாடகைக்கு விட்ட ஒரு கடை, நாலு டெபாசிட் இவற்றையெல்லாம் விட்டுப் போகிறான். கனடாவில் குடியேறிய நாளிலிருந்து, உலகில் எங்கு வருமானம் வந்தாலும் அங்கே கணக்கில் காட்ட வேண்டும். இங்கு வரி கட்டியிருந்தால் கழித்துக்கொள்ள வழி உண்டு. இரு நாட்டுக்கும் இடையே 1996-ல் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் காட்டாமல் இருக்க வழியில்லை.

கூட்டு நிறுவனத்து லாபத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே நிறுவனமே வரி கட்டிவிடுவதால் பங்குதாரர் கைக்கு வரும் லாபத்துக்கு மறுபடி வரி இல்லை. அதனால் "வரியில்லாத வருமானம்தானே" என்று மகன் பெயரில் பங்கை எழுதிக்கொண்டே இருப்போம். கனடா அப்படிப் பார்ப்பதில்லை. அவன் பங்கு லாபம் அவன் வருமானம்தான். வெளிநாடு வாழ் இந்தியர் வைப்புக் கணக்கின் வட்டியும் இப்படியே. இங்கே வரி விலக்கு. அங்கே வரி உண்டு. ஆகவே பங்குதாரர் பத்திரத்தில் மகன் பெயர் இருந்தால், அவன் போவதற்கு முன்பே ஆடிட்டரோடு உட்கார்ந்து தொடர்வதா விலகுவதா என்று முடிவு செய்வது நல்லது. வெளிநாடு வாழ் இந்தியர் இங்கு பங்குதாரராக இருக்கச் சட்டம் இடம் தருகிறது. விவசாயம், தோட்டம், மனை வணிகம் செய்யும் நிறுவனங்களில் இடம் தருவதில்லை.

மனைக்கும் கடைக்கட்டடத்துக்கும் ஒரு சலுகை இருக்கிறது; தெரியாததால் பலர் இழக்கிறார்கள். ஒருவர் கனடாவில் குடியேறும் நாளன்று, அவருக்கு இங்குள்ள சொத்தை அன்றைய சந்தை விலைக்குப் புதிதாக வாங்கியதாகவே அந்நாட்டு வரிச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. உதாரணமாக, 1995-ல் 2 லட்சத்துக்கு வாங்கிய மனை, மகன் குடியேறிய அன்று 80 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு கழித்து 95 லட்சத்துக்கு விற்றால், கனடா கணக்கில் ஆதாயம் 93 லட்சம் அல்ல, 15 லட்சம்தான். அதிலும் பாதிதான் வருமானத்தில் சேரும். ஆனால் அந்த 80 லட்சத்தை ஐந்தாண்டு கழித்து எப்படி நிரூபிப்பது? புறப்படும் மாதத்திலேயே பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கிக் கோப்பில் வைப்பதுதான் வழி. சில ஆயிரம் ரூபாய் செலவு. இதைச் செய்யாமல் விடுவது, கைக்கு வந்த பில்லைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

வெளிநாட்டுச் சொத்தின் அடக்க விலை மொத்தம் 1,00,000 கனடா டாலரைத் தாண்டினால், ஆண்டுதோறும் டி-1135 என்ற படிவத்தில் விவரம் கொடுக்க வேண்டும். இது வரி அல்ல, தகவல் மட்டும். 2025-ன் மாற்று விகிதத்தில் அது 60 லட்சத்துக்குச் சற்று மேல். நகரத்தில் ஒரு சின்னக் கடைக்கட்டடம் இருந்தாலே வந்துவிடும். அடக்க விலை என்பதும் குடியேறிய அன்றைய சந்தை விலைதான். சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் வீடு சேராது. வாடகைக் கடை, காலி மனை, டெபாசிட், பங்குப் பத்திரம் சேரும். குடியேறிய முதல் ஆண்டுக்கு மட்டும் இந்தப் படிவம் தேவையில்லை. இரண்டாம் ஆண்டில் மறப்பவர்கள்தான் அதிகம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 25 டாலர், 2,500 டாலர் வரை தண்டம்.

வரிக் கணக்குத் தாக்கல் செய்ய ஏப்ரல் 30 கடைசி நாள். வருமானமே இல்லாவிட்டாலும் கணவன் மனைவி இருவரும் தாக்கல் செய்வது லாபம். குழந்தைகளுக்கான மாத உதவித்தொகை அதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. நிரந்தர அனுமதியோடு வந்தவர்கள் இறங்கியதுமே அதற்கு விண்ணப்பிக்கலாம். தற்காலிக அனுமதிக்காரர்கள் 18 மாதம் அங்கு வசித்திருக்க வேண்டும்.

சேமிப்பில் டி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாக் கணக்கைப் பற்றி வங்கியில் முதல் நாளே சொல்வார்கள். 2009-ல் வந்த திட்டம். அன்றிலிருந்து அங்கு இருப்பவருக்கு 2025 வரை சேர்ந்த வரம்பு 1,02,000 டாலர். அலுவலக நண்பர் சொல்வதைக் கேட்டு நம் பிள்ளையும் அவ்வளவு போட்டுவிடக்கூடாது. அவனுக்கு வரம்பு குடியேறிய ஆண்டிலிருந்துதான். 2025-ல் போனவருக்கு அந்த ஆண்டுக்கு 7,000 டாலர். மிகைத் தொகைக்கு மாதம் ஒரு சதவீதம் வரி. இங்குள்ள கணக்கில் ஒரு வட்டி! ஓய்வூதியச் சேமிப்புக்கு வரம்பு முந்தைய ஆண்டின் கனடா சம்பாத்தியத்தில் 18 சதவீதம் என்பதால், முதல் ஆண்டில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். குழந்தை இருந்தால் படிப்புச் சேமிப்புத் திட்டம் நல்லது. ஆண்டுக்கு 2,500 டாலர் போட்டால் அரசு 500 டாலர் சேர்க்கிறது. நூற்றுக்கு இருபது சும்மா கிடைக்கும் வியாபாரம் நமக்கு அகப்படுவதில்லை.

இங்கே மூட வேண்டிய கணக்குகள்

வேலைக்கோ குடியேறவோ படிக்கவோ போனவர் அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ்பவர் ஆகிவிடுகிறார். அவர் பெயரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியே ஆகவேண்டும். இங்கு வரும் வாடகை, லாபம் எல்லாம் அதில்தான் சேர வேண்டும். அதன் வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள். ஒப்பந்தப்படி குறைக்க, கனடாவில் வசிப்பதற்கான வரித் துறைச் சான்று கொண்டுவர வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை, வரி கட்டியதற்கான சான்றுடன், அங்கு கொண்டு போகலாம். ஏற்கெனவே உள்ள பி.பி.எஃப். கணக்கு முதிர்வு வரை ஓடலாம். புதிதாகத் தொடங்க முடியாது. விவசாய நிலம் முன்பே இருந்தால் வைத்துக்கொள்ளலாம். போன பிறகு வாங்க முடியாது.

வாடகைக் கடையைப் பார்த்துக்கொள்ள, வழக்கு வந்தால் ஆஜராக, தகப்பனாருக்கோ தம்பிக்கோ பவர் பத்திரம் தேவைப்படும். புறப்படும் முன்பு இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிப் பதிவு செய்வது ஒரு நாள் வேலை. அங்கே போய் எழுதினால் அத்தாட்சிக்குத் தூதரகத்துக்கு அலைய வேண்டும். பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். என்.ஆர்.ஓ. மாற்றத்துக்கான படிவத்தையும் வங்கியில் கேட்டு வாங்கிக்கொண்டு, பவர் பத்திரம் எழுதும் அதே வாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், பெட்டி கட்டும் கடைசி நாளில் வங்கி மேலாளரைத் தேடிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.